கடலில் மூழ்காத கார்

என் மகளுக்கு, வாப்பாவின் ஸலாம்.

அடுத்த அறையில் நீ உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது. எழுந்து வந்து நேரே கதைத்திருக்கலாம். ஆனால் நான் வாயால் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வசனத்திலேயே “அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என்று முடித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். கடதாசி என்றால் வெட்டித் திருத்தலாம். வெள்ளிக்கிழமை உன் நிக்காஹ். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, நீயே ஓட்டி மாவனெல்லைக்குப் போகிறாய். உன் நீலக் காரும் இந்த உப்புக் காற்றை விட்டுப் போகிறது. போவதற்கு முன் அந்தக் காரைப் பற்றியும், அதை வாங்கிய அந்த இரண்டு நாட்களைப் பற்றியும் உனக்கு எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் ஒரு பகுதி உனக்கு இதுவரை தெரியாது.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருஷமாக நான் எழுதிவந்த கொப்பியைக் காரின் முன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். எந்தத் திகதியில் எண்ணெய் மாற்றினோம், எந்தத் திகதியில் அடிப்பக்கம் கழுவினோம், துணிக்கூரையின் தையல் எந்த மழையில் விட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. பழைய சொகுசுக் காரை வாங்கும்போது பழைய காரின் விலையைக் கொடுக்கிறோம். பாகம் மாற்றும்போது புதிய காரின் விலையைக் கொடுக்கிறோம். இது தெரியாமல் வாங்கியவர்கள்தான் ஒரு வருஷத்தில் அதை மரத்தடியில் நிறுத்திப் படங்கு போட்டு மூடுகிறார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்கி உழைத்ததில் ஒரு பங்கை அதற்கென்று ஒதுக்கிவைத்தாய். எங்கள் மணல் ஒழுங்கையில் அதன் வயிறு முட்டும் என்று தெரிந்ததும், சக்கரம் ஓட அளவாக இரண்டு வரிசை சீமெந்துக் கல் பதித்தாய். மாவனெல்லையில் வீட்டுக்கு ஏறும் பாதை செங்குத்து என்று கேள்வி. மூக்கு இடிக்காமல் சாய்வாக ஏற்று. அங்கே ஈரம் அதிகம், துணிக்கூரையை நனைந்தபடி மடிக்காதே. இவ்வளவுதான் காரைப் பற்றி நான் உனக்குச் சொல்லக்கூடியது. மிச்சமெல்லாம் நீ எனக்குச் சொல்லித் தந்தவை.

இந்தக் காருக்கு நான் எதிரியாக இருந்தவன். யுத்தம் முடிந்து கற்பிட்டிக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலத்தில், இரட்டைக் கதிரைக் கார் ஒன்று தெருவில் போவதைக் கண்டு, கடையில் வாங்கிய பாணும் கையுமாக நீ நின்றுவிட்டாய். பதினைந்து வயது. “வாப்பா, அது நிலத்தத் தொட்டுக்கொண்டு போகுது பாருங்க” என்றாய். பல வருஷம் கழித்து, அப்படி ஒன்றை வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, நான் ஒரு முழுத் தாளில் பதினொரு காரணங்களை இலக்கமிட்டு எழுதி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உனக்கு வாசித்துக் காட்டினேன். ஆறாவது காரணம், இரண்டு கதிரை மட்டும் உள்ள காரில் மூன்று பேர் உள்ள குடும்பம் எப்படிப் போவது என்பது. ஒன்பதாவது, ஊரார் என்ன நினைப்பார்கள் என்பது. நீ கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பன்னிரண்டாவது என்ன வாப்பா?” என்றாய். உம்மா குசினிக்குள் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு தரகர் பசீர் நானா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். சிலாபத்துக்குச் சற்று முன்னால், கடலோரக் கிராமம் ஒன்றில், சேவியர் என்பவர் வீட்டில் ஒரு ஜெர்மன் கார் நிற்கிறது. இத்தாலியில் இருக்கும் அவருடைய அண்ணனின் கார். அண்ணன் ஊருக்கு வரும்போது மட்டும் ஓடியது. இப்போது அவர் வருவதில்லை என்றதால் விற்கச் சொல்லிவிட்டார். ஆனால் யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள். “கல்யாணப் படம் எடுக்கக் கடற்கரைக்குக் கொண்டு போயிருக்காங்க. அலை வந்து கதிரை மட்டத்துக்குத் தண்ணிக்குள்ள தாண்டு போச்சாம். பொண்ணு மாப்பிள்ளையத் தூக்கித்தான் எடுத்தாங்களாம்” என்று பசீர் நானா கண்ணால் கண்டவர் போலச் சொன்னார். “நீங்க கண்டதா நானா?” என்று நீ கேட்டாய். “நான் எங்க கண்டது? முழு ரோட்டும் சொல்லுது” என்றார். கடல் தண்ணீரில் மூழ்கிய கார் ஓடினாலும் செத்த கார்தான். வயர்களுக்குள் உப்பு இருந்து ஒவ்வொன்றாகத் தின்னும். உனக்கு அது தெரியும். இருந்தும் போய்ப் பார்ப்போம் என்றாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் பதினொரு காரணங்களும் செய்யாததைக் கடல் செய்துவிட்டது.

சேவியரின் தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் நீ அந்தக் காரைப் பார்த்த விதத்தை நான் ஒருநாளும் உன்னிடம் புகழ்ந்து சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். கதிரைப் பட்டியைக் கடைசி வரை இழுத்து, தண்ணீர்க் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தாய். கதிரையைத் தாங்கும் இரும்புத் தண்டுகளின் ஆணிகளை டோர்ச் அடித்துப் பார்த்தாய். மாற்றுச் சக்கரம் இருக்கும் குழிக்குள் தலையை விட்டு மணந்தாய். மணலில் படுத்துக் கதவின் கீழ் விளிம்பை விரலால் தடவினாய். பிறகு எழுந்து, “இது தண்ணியக் கண்ட கார் இல்ல வாப்பா” என்றாய். சேவியரின் முகம் மலர்ந்தது. “அதத்தானே தங்கச்சி நான் எல்லாருக்கும் சொல்றன். தாண்டது வேற கார், அது சிவப்பு. என்ட அண்ணனே நம்புறாரில்ல. கார வாடகைக்குக் குடுத்துத் தாட்டுட்டு எனக்குப் பொய் சொல்றாய் எண்டு ஆறு மாசமாக் கதைக்கிறாரில்ல” என்றார். அந்த மனிதருக்குக் கார் விலைபோகாதது பெரிய கவலையாக இல்லை. கூடப் பிறந்தவன் தன்னைப் பொய்யன் என்று நினைப்பதுதான் அவரை அரித்தது.

அங்கேதான் நான் என் தோல்பையைத் திறந்தேன். உப்பளத்து ஆய்வுகூடத்தில் இருபத்தாறு வருஷம் உப்பைச் சோதித்தவன், பின்னேரங்களில் டியூஷன் கொடுத்து ஊருக்கு மாஸ்டர் ஆனவன் நான். சில்வர் நைத்திரேற்றுக் கரைசல் உள்ள சிறிய கபிலப் போத்தலும், அமிலச் சொட்டும், மூன்று சோதனைக் குழாய்களும் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரில் உப்பு இருந்தால் ஒரு சொட்டில் அது பால் போல வெளுக்கும். இல்லாவிட்டால் கண்ணாடி போல நிற்கும். கதிரைக்குக் கீழே, விரிப்பின் அடியில் இருந்த பஞ்சில் ஒரு துண்டை வெட்டி ஊறவைத்துச் சோதிக்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீரும் ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தேன். ஆனால் என் வழக்கப்படி குழாய்களை மூன்று மூன்று தரம் அலசி அதை முடித்துவிட்டேன். சேவியரின் மனைவி ஒரு ஜக்கில் குடிதண்ணீர் கொண்டுவந்தார். நான் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். தேன் போல இருந்தது. அதிலேயே பஞ்சை ஊறவைத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டார், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் வந்து கொட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் சொட்டை விட்டேன். தண்ணீர் வெளுத்தது.

“உப்பு” என்றேன். ஒரே ஒரு சொல். என் வாழ்நாளில் அத்தனை பேர் அவ்வளவு அமைதியாக என் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பசீர் நானா, “மாஸ்டர் சொன்னா சொன்னதுதான்!” என்று கையைத் தட்டினார். நீ காரின் மேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்தாய். சேவியர் குழாயை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, “அப்ப நான்தான் பொய் சொல்றனா சேர்?” என்று கேட்டார். விஞ்ஞானம் பதில் சொல்லிவிட்டது என்று நினைத்துக் குழாய்களைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்தேன்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பியபடி வந்தாய். மதுரங்குளிச் சந்தி தாண்டும்போது உன் போனுக்குச் சேவியர் எடுத்தார். “தங்கச்சி, சேர் சொன்னது சரியெண்டா அரைவாசிக்குக் கொண்டு போங்க. அதப் பாக்கவே எனக்கு ஏலாது. அண்ணனுக்கும் ஓம், நான்தான் தாட்டன் எண்டு சொல்லிடுறன்” என்றார். நீ யோசித்தாய். முழு வயரையும் கழற்றி மாற்றினாலும் அந்த விலைக்கு அது உன் கைக்கு வரும். நாளைக் காலை வருகிறேன் என்றாய். முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கும் நிம்மதி.

வீட்டுக்கு வந்தபோது பின்னேர அஸர் தொழுகை நேரம். நீ குளிக்கப் போனாய். நான் கிணற்றடியில் குந்தியிருந்து குழாய்களைக் கழுவினேன். ஒரு குழாயின் அடியில் கரைசல் ஒரு சொட்டு மிச்சம் இருந்திருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பட்டதும் அது தயிர் போலத் திரண்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோதிக்கும் பொருளைப் போடுமுன், தண்ணீரை மட்டும் தனியே சோதித்துப் பார்க்க வேண்டும். டியூஷன் பிள்ளைகளுக்கு முதல் நாள் முதல் பாடமாக நான் சொல்லிக்கொடுப்பது இது. சேவியரின் கிணறு கடலிலிருந்து கல்லெறி தூரம். அந்தத் தண்ணீரைத் தேன் என்று சொன்ன என் நாக்கு, எங்கள் கரைத்தீவுத் தண்ணீரில் இருபது வருஷத்துக்கு மேல் ஊறிய நாக்கு.

அந்தத் தண்ணீருக்கும் நான்தான் பொறுப்பு, மகள். அதன் முழுக் கதை உனக்குத் தெரியாது. தொண்ணூறில், யுத்தத்தின் நடுவே, மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களைத் துரத்திய பிறகு, அகதிக் கொட்டில்களில் சில வருஷம் இருந்து, கடைசியில் இந்தக் காணி கிடைத்தபோது, பொதுக் கிணறு தோண்ட ஓர் இடத்தைப் பெரியவர்கள் குறித்தார்கள். நான் ஒரு போத்தலில் அந்த ஊற்றை எடுத்துப்போய் ஆய்வுகூடத்தில் பார்த்தேன். உப்பு. கிழக்கே இருநூறு அடி தள்ளித் தோண்டினால் நல்ல தண்ணீர். அதையும் பார்த்துவைத்திருந்தேன். அடுத்த நாள் கூட்டத்தில் கையை உயர்த்தப் போனேன். ஒருவர், “படிச்ச ஆள் இனிக் கிணத்தையும் படிப்பாரோ?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கையை இறக்கி, தலைமுடியைக் கோதிக்கொண்டேன். நாம் கார் வாங்கிய அன்றும் நாற்பது குடும்பம் அந்தக் கிணற்றைத்தான் குடித்தது. அன்று கையை இறக்கியதை உன் உம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடி நான் நினைத்ததையும் எழுதத்தான் வேண்டும். இன்னொரு வாளி தண்ணீர் போதும், குழாய் சுத்தமாகிவிடும். நீ அரை விலைக்கு நல்ல கார் ஒன்றைப் பெறுவாய். ஊரில் நான் காரின் உப்பைக் கண்டுபிடித்த மாஸ்டராக இருப்பேன். யாரும் நட்டப்படவில்லை, ஒரு சேவியரைத் தவிர. நாளைக்குப் பிறகு அவரைத் திரும்பக் காணப் போவதுமில்லை. வாளியைக் கிணற்றுக்குள் இறக்கிக்கூட விட்டேன். பிறகு அதைப் பாதியில் விட்டுவிட்டு, நீ தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, வாசலிலேயே வைத்து உன்னிடம் சொன்னேன். முதலில் நீ நம்பவில்லை. குழாயைக் காட்டினேன். அதை வாங்கி உருட்டிப் பார்த்தாய். “வாப்பா, இத நீங்க எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்” என்றாய். குறையாகச் சொல்கிறாயா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னாய்: “நாளைக்கு அங்க போய், இண்டைக்குச் சொன்னத விடச் சத்தமாச் சொல்லுங்க.” குசினிக்குள்ளிருந்து உம்மா, “பன்னிரண்டாவது காரணம் கிடைச்சிட்டுதா மாஸ்டர்?” என்றாள்.

மறுநாள் காலையில் மதுரங்குளியில் இறங்கி, வாகனச் சாமான் கடையில் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் மூன்று போத்தல் வாங்கினோம். பெயர் வேறாக இருந்தாலும் அதுவும் காய்ச்சி வடித்த தண்ணீர்தான். விஷயத்தைக் கேட்ட பசீர் நானா தலையில் கைவைத்தார். “மாஸ்டர், வாயத் தொறக்காதீங்க. காசக் குடுத்து, கார்ப் புத்தகத்தக் கையில எடுத்த பொறகு சொல்லலாம். உண்மை எங்கயும் ஓடிப்போகாது!” என்றார். நீ அவரைத் திரும்பிப் பார்த்து, “கார்தான் ஓடவேணும் நானா, நாங்க இல்ல” என்றாய்.

முந்தின நாள் நின்றவர்கள் எல்லாரும் வரும்வரை காத்திருந்தேன். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய். நான்கு தேநீர்க் கிளாஸ்களைக் காரின் முன்மூடியில் வரிசையாக வைத்தேன். முதலாவதில் பற்றரித் தண்ணீர் மட்டும். சொட்டு விட்டேன். தெளிவாக நின்றது. இரண்டாவதில் சேவியரின் கிணற்றுத் தண்ணீர் மட்டும். வெளுத்தது. “நேத்து நான் பாத்தது இதத்தான். உங்கட கிணத்த. கார இல்ல. பிழை என்ட” என்றேன். மூன்றாவதில் கடற்கரை மணலைப் பற்றரித் தண்ணீரில் கலக்கி வடித்து விட்டேன். கட்டியாகத் திரண்டு அடியில் விழுந்தது. நான்காவதில் கதிரைக்குக் கீழே இருந்த பஞ்சு ஊறிய தண்ணீர். சொட்டு விட்டுவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீதான் சொன்னாய்: “வாப்பா, பாருங்க.” கண்ணாடியில் மூச்சுப் பட்டது போல மிக மெல்லிய ஒரு மங்கல். செருப்பு மணலும் காற்றும் கொண்டுவரும் உப்பு அவ்வளவு எந்தக் கடலோரக் காரிலும் இருக்கும். கடலில் மூழ்கிய பஞ்சு மூன்றாவது கிளாஸ் போலக் கட்டியாகியிருக்க வேண்டும். அந்த மங்கலையும் மறைக்காமல் எல்லாருக்கும் காட்டினேன்.

சேவியர் வீட்டுக்குள் ஓடிப் போனைக் கொண்டுவந்து இத்தாலிக்கு எடுத்தார். தூக்கக் கண்ணோடு ஒரு முகம் திரையில் தெரிந்தது. “அண்ணா, பார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. உன்ட கார் நாலாவது. பார் அண்ணா, நல்லாப் பார்!” என்று ஒவ்வொரு கிளாசாகக் காட்டினார். அந்த முகம் திரைக்கு மிகக் கிட்ட வந்தது. பிறகு, “மல்லி, என்ன மன்னிச்சிடு தம்பி” என்று ஒரு குரல். சேவியர் சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், “ஏன் சேர் திரும்பி வந்தீங்க? பேசாம அரைவாசிக்குக் கொண்டு போயிருக்கலாமே” என்றார். நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். “அரைவாசி தாண்ட காருக்கு. இது தாழாத கார் அங்கிள். நீங்க முதல் சொன்ன விலைதான்.” அவர் அண்ணன் திரையிலிருந்தே அதில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். பசீர் நானா அதற்குள் இரண்டு தரம் கைகொடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் நீ ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து வந்தேன். தெரு என் காதுக்குக் கீழே ஓடுவது போல இருந்தது. நீ எந்த இடத்திலும் அவசரப்படவில்லை. பழக வந்த பெண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவள் போலவே என்னையும் பார்த்துக்கொண்டாய். கரைத்தீவுக்குள் திரும்பும் இடத்தில் தேநீர்க் கடை வாங்கில் ஆட்கள் இருந்தார்கள். முந்தின நாள் நான் சொன்ன கதை எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்திருந்தது. ஒருவர் எழும்பி, “என்ன மாஸ்டர், கடல்ல தாண்ட காரையே வாங்கிட்டீங்களா?” என்று சத்தமிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். காரை நிறுத்து என்றேன். அவ்வளவு தாழ்ந்த கதிரையிலிருந்து என் வயதில் இறங்குவது லேசில்லை. கதவைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மற்றக் காலை வைத்து, நிமிர்ந்தேன். சிரிப்பு அதற்குள் அடங்கவில்லை. நான் பேசியது அதற்கு மேலால் கேட்டது.

“இல்ல. தாழல்ல. முதல் தரம் பாத்தது பிழை, அது என்ட பிழை. ரெண்டாந் தரம் சரியாப் பாத்தன். இன்னொண்டும் இருக்கு, கேளுங்க. இந்த ஊர்க் கிணத்தத் தோண்டின இடமும் பிழை. கிழக்கால இருநூறு அடியில நல்ல தண்ணி இருக்கு. அதையும் நான் அப்பவே பாத்தனான். நாளைக்கு ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு வந்தா இடத்தக் காட்டுறன்.”

வாங்கில் இருந்தவர்கள் கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நீ உள்ளேயிருந்து ஹோர்னை ஒருமுறை நீளமாக அடித்தாய்.